தொட்டி நத்தையும் அதன் புகலிடமும்

உயிர்களை வளர்க்க விரும்புவார் பலர். வளர்ந்து பெருகியவற்றிற்கு வழி தேடுவார் சிலரே. கிளி, புறா, முயல் முதலியன வளர்ப்போர் இக்கவலையை ஒருவாறு அறிவர். நத்தை வளர்ப்போரோ அதனைப் பெரும்பாலும் அறியார். "நத்தையையும் வளர்ப்பார் உளரோ?" என நேயர் நகைத்தல் கூடும். யானும் சென்ற ஆண்டு வரை அங்ஙனமே நகைத்தவன்தான்.

கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு விடுதியினின்றும் புறப்பட்ட அண்ணன் ஒருவர் தம் அறையிலிருந்த கண்ணாடித் தொட்டியொன்றை என்பால் ஒப்புவித்தார். அதனுள் மீன் ஒன்றும் இல்லை. பொன்னிற ஓடுடைய நத்தைகள் மூன்று இருந்தன. "இவை ஓசை செய்யா, செலவும் வையா, வைத்துக்கொள், தம்பி" என்றார். அவர் கூறியது முழுதும் உண்மை. ஆனால் கூறாது விட்டது ஒன்று உண்டு. அஃது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும். அம்மூன்று உயிர்களால் யான் கற்றவற்றையும், விலங்கியற் பேராசிரியரிடம் கேட்டறிந்தவற்றையும், என் பிழையொன்றையும் ஈண்டு முறையே கூறுவேன்.

1. பெயரும் இனமும்

நத்தை நம் முன்னோர்க்குப் புதிய உயிரன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்குமிடத்து நந்தினை ஈரறிவுயிர்களோடு வைத்து எண்ணுகின்றது. உற்றறிதலும் சுவைத்தறிதலுமே அதற்குரியன என்பது கருத்து. புறநானூற்றின் 266ஆம் பாட்டிற் பெருங்குன்றூர் கிழார், சோழன் உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியின் நீர்வளம் மிக்க கழனிகளைக் கூறுமிடத்து, நந்தின் ஆண் தன் இளந்துணையோடு பகற்போதில் மணத்தலைக் கூறுகின்றார். நந்து என்பதற்குச் சங்கெனவும் நத்தையெனவும் பொருள் கொள்வர். கழனியில் வாழ்வதாகச் சொல்லப்படுதலின் ஆண்டு நத்தையெனக் கொள்ளுதல் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இதனை யான் வலியுறுத்தற்குக் காரணம் உண்டு. தோட்டங்களில் ஊரும் நிலநத்தைகளிற் பெரும்பாலன ஆண்மையும் பெண்மையும் ஓருடலிலேயே உடையன. நம் வயல்களிலும் குளங்களிலும் வாழும் பெருநத்தையோ ஆண் வேறு, பெண் வேறு ஆகியது. புலவர் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் கூறியது வெறுங் கற்பனையன்று. கண்டு கூறியதே என்று இதனால் அறியலாம். இந்நத்தையை விலங்கியலார் பைலா என்பர். நம் நாட்டுப் பைலாவின் உடற்கூற்றைப் பேணி பிரசாத் என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்து 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விலங்கியல் மாணவர் முன்னர் அறுத்துப் பார்த்துவந்த நத்தையும் இதுவே.

என் தொட்டியில் வந்திருந்தது பைலா அன்று. அதன் தாயாதி எனத்தக்க பொமாசியா என்னும் தென்னமெரிக்க இனம். அவ்வினத்துள்ளும் பொமாசியா டிப்யூசா எனப்படும் வகை. அமேசான் ஆற்றுப் படுகையே அதன் தாயகம். வண்ணமீன் விற்போர் இதனை ஆப்பிள் நத்தை என்றும் மிஸ்டரி நத்தை என்றும் வழங்குவர். பொன்மஞ்சள், வெண்மை, நீலம், பழுப்பு முதலிய நிறங்களில் ஏறக்குறைய 2 அங்குலம் வரை வளரும். தொட்டி நத்தையாகப் பெரிதும் விரும்பப்படுவது இதுவாதலின், இனிக் கூறுவன யாவும் இதனைப் பற்றியனவே என்க.

2. உடலமைப்பு

இந்நத்தையின் ஓட்டு வாயை அடைத்தற்கு ஒரு மூடி உண்டு. அச்சம் உற்றவிடத்தும் நீர் வற்றியவிடத்தும் உடலை உள்ளிழுத்து, வாயிற்கதவம் அடைப்பார் போல அம்மூடியால் அடைத்துக்கொள்ளும். தலையில் நீண்ட உணர்கொம்புகள் இரண்டும், அவற்றினடியிற் குறுங்காம்புகளின் மேற் கண்கள் இரண்டும் உள. கண்ணை இழப்பினும் ஏறக்குறைய ஒரு திங்களில் மீண்டும் முளைத்தலைப் பொமாசியா இனத்தில் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நீரிற் கலந்த மணத்தை அறிதற்கும் தனியுறுப்பு உண்டு. தொட்டியின் ஒரு மூலையில் வெள்ளரித் துண்டை இட்டால் மறுமூலையிற் கிடக்கும் நத்தை சிறிது நேரத்தில் அதனை நாடி வருவதை யான் பன்முறை கண்டேன்.

இவற்றினும் வியத்தகுவது மூச்சுறுப்பு. மீனுக்குச் செவுளே உண்டு. நமக்கு நுரையீரலே உண்டு. இந்நத்தைக்கோ இரண்டும் உண்டு. நீரிலுள்ள உயிர்வளி குறையுமாயின் மேலே ஊர்ந்து வந்து, குழல் போன்ற ஓர் உறுப்பை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டிக் காற்றை உள்வாங்கும். அப்போது அதன் உடல் துருத்தி போல முன்னும் பின்னும் அசைதலைக் காண்பது ஓர் இனிய காட்சி. ஆகவே தொட்டியை விளிம்பு வரை நிரப்புதல் தவறு. நீருக்கும் மூடிக்கும் இடையே 3 அங்குல வெளியேனும் இருத்தல் வேண்டும்.

3. வளர்க்கும் முறை

முதலாவது, இடம். வளர்ந்த நத்தையொன்றிற்கு 10 லிட்டர் நீரேனும் வேண்டும். "சிறிய உயிர்தானே, ஒரு புட்டியிற் கிடக்கட்டும்" என்பது பிழை. அது மிகுதியாக உண்பது, உண்டதற்கேற்பக் கழிப்பது. கழிவு மிகுந்தால் நீரில் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் சேரும். வாரந்தோறும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுதல் நன்று. குழாய் நீரிற் குளோரின் கலந்திருக்குமாதலின் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பின்னர் ஊற்றுக. தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. மூடியில்லாத தொட்டியினின்றும் இரவில் ஏறி வெளியே விழுந்து, ஓடுடைந்து காலையிற் கிடந்த நத்தையை யான் கண்டதுண்டு. அண்ணன் தந்த மூன்றில் ஒன்றை அவ்வாறே இழந்தேன்.

இரண்டாவது, சுண்ணாம்புச் சத்து. ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்பே. துணி துவைக்குங்கால் சவர்க்காரம் எளிதில் நுரையாத கடினநீர் நமக்கு இடர். நத்தைக்கோ அதுவே நலம். உப்புக்களை நீக்கிய குடிநீரைத் தூய்மையானது என்று கருதி ஊற்றுவோர் உளர். அந்நீரில் நத்தையின் ஓடு நாளடைவில் மெலிந்து, குழிந்து, வெளிறிப் போகும். இக்குறை தோன்றின் கணவாய் ஓட்டுத் துண்டொன்றைத் தொட்டியில் இடுக. நாட்டு மருந்துக் கடைகளிற் கடல்நுரை என்று கேட்டால் அதனைத் தருவர். கழுவிப் பொடித்த கோழிமுட்டை ஓடும் ஓரளவிற்கு உதவும்.

மூன்றாவது, உணவு. தொட்டிச் சுவரிற் படரும் பாசியையும் அழுகிய இலைகளையும் இது தின்னும். அவை மட்டும் போதா. வெள்ளரி, சுரை, பீர்க்கு, கேரட், கீரை முதலியவற்றைச் சிறிது வேகவைத்து ஆறியபின் இடலாம். இட்டதில் எஞ்சியதை மறுநாட்காலையில் எடுத்துவிடுதல் வேண்டும். அன்றேல் நீர் நாறும்.

நான்காவது, நஞ்சு. செம்பு கலந்த எப்பொருளும் நத்தைக்குக் கூற்றுவன். மீன்களின் நோய்க்கு இடும் மருந்துகள் சிலவற்றில் மயில்துத்தம் முதலிய செம்புப் பொருள்கள் உண்டு. மீனைக் காக்கும் அம்மருந்து நத்தையைக் கொன்றுவிடும். இதனை நேயர் மறவாதிருப்பாராக. பின்னர் இதனைப் பற்றி வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கின்றது.

ஐந்தாவது, கூட்டாளிகள். பேத்தை மீன் நத்தையை ஓட்டோடு உடைத்துத் தின்னும். போர்மீன்களும் வேறு சில மீன்களும் உணர்கொம்பைக் கடித்துத் துன்புறுத்தும். சாதுவான சிறுமீன்களோடு வைப்பதே தகும்.

நத்தை ஓரிரு நாள் அசையாது கிடப்பின் இறந்தது எனத் துணியற்க. உறங்குதலும் அதற்கியல்பு. கையிலெடுத்து முகர்ந்து பார்த்தால் ஐயம் தீரும். இறந்த நத்தையின் நாற்றம் மறக்கற்பாலதன்று. நத்தையையோ தொட்டி நீரையோ தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். எலியின் நுரையீரற் குழாயில் வாழும் ஒருவகைப் புழு தன் இளமைப் பருவத்தை நத்தையின் உடலிற் கழிப்பது. 1935ஆம் ஆண்டிற் கான்டன் நகர எலிகளிலிருந்து அறியப்பட்ட அப்புழு மனிதருடலிற் புகின் மூளையைத் தாக்கும். அஞ்சவேண்டுவதில்லை, கை கழுவினாற் போதும்.

4. முட்டையும் பெருக்கமும்

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பது பழமொழி. என் நத்தையின் வயிற்றில் முத்துப் பிறக்கவில்லை, முட்டைகளே பிறந்தன. ஒருநாட் காலையில் தொட்டி மூடியின் உட்புறத்தே, நீருக்கு மேல், வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் முசுக்கட்டைப் பழம் போன்ற ஒரு கொத்து ஒட்டியிருந்தது. அண்ணன் சொல்லாது விட்டது இதுவே.

நம் பைலா, நீர்க்கரையின் ஈரமண்ணிற் குழி செய்து வெண்ணிற முட்டைகளை இடும். பொமாசியாவோ இரவில் நீரைவிட்டு மேலேறி, சுவரிலோ மூடியிலோ முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். ஒரு கொத்தில் 50 முதல் 200 வரை முட்டைகள் இருத்தல் இயல்பு. முட்டைகள் நீரில் மூழ்கின் அழியும். முற்றும் காயினும் அழியும். ஈரக்காற்று வேண்டும். வெப்பத்திற்கேற்ப 2 முதல் 4 வாரங்களிற் குஞ்சுகள் வெளிவந்து நீரில் விழும். பெண்ணத்தை ஒருமுறை கூடியபின் ஆணின் வித்தைத் தன்னுடலிற் பல திங்கள் சேமித்து வைக்கவல்லது. ஆதலால், "ஒன்றே ஒன்றுதானே வளர்க்கின்றேன், அது தனித்திருக்க முட்டை வந்தது எங்ஙனம்?" என்று வியப்பதற்கு இடமில்லை.

முட்டைக் கொத்தைக் கண்டவன் அப்போதே ஒன்று துணிதல் வேண்டும்: இக்குஞ்சுகள் அனைத்திற்கும் என்னால் இடம் தேட இயலுமா? இயலாதெனின், இட்ட சில நாட்களுக்குள், உள்ளே உயிர் உருவாகி வளருமுன், கொத்தை மெல்ல அசைத்துப் பெயர்த்து, ஒரு பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறையறையில் இரண்டு நாள் வைத்துப் பின்னர் எறிந்துவிடுக. அப்படியே சாக்கடையிலும் குப்பையிலும் எறிதல் ஆகாது. இச்செயல் கொடிதாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றிற்று. அதனாலேயே முதற்கொத்தை முழுவதும் பொரிக்க விட்டேன். அருள் என்று யான் கருதிய அச்செயலின் விளைவைக் கேளுங்கள்.

கடுகளவாய்ப் பிறந்த குஞ்சுகளை எண்ணுதற்கு இயலவில்லை. பட்டாணி அளவு வளர்ந்தபோது எண்ணினேன்; 64 இருந்தன. தொட்டியோ 40 லிட்டர் கொண்டது. மூன்று நாளைக்கொருமுறை நீர் மாற்றினும் நீர் நாறியது. சில குஞ்சுகள் இறந்து கிடந்தன. விடுதி உணவுச்சாலையிற் கழிந்த காய்களையெல்லாம் கொணர்ந்து இட்டும் போதவில்லை. தேர்வோ அணுகிக்கொண்டிருந்தது.

5. ஏரியில் விடலாமோ?

இந்நிலையில் என் அறைத்தோழன் ஒரு வழி கூறினான். "ஏன் வீணே வருந்துகின்றாய்? வாளியில் எடுத்துச் சென்று ஏரியில் விட்டுவிடு. அவற்றிற்கும் விடுதலை, உனக்கும் புண்ணியம்" என்றான். நன்மொழியாகவே பட்டது. மறுநாள் மாலை வாளியோடு புறப்பட்ட யான், வழியில் விலங்கியற் பேராசிரியரைக் கண்டேன். வாளியை எட்டிப் பார்த்தவர், "தம்பி, உங்கள் ஊரில் என்ன விளைச்சல்?" என்று வினவினார். "நெல், ஐயா" என்றேன். "அப்படியாயின் உள்ளே வா" என்று அழைத்துச் சென்று அவர் கூறிய வரலாற்றைச் சுருக்கிக் கூறுகின்றேன்.

பொமாசியா கனாலிகுலாட்டா என்பது இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு வகை. 1980ஆம் ஆண்டையொட்டி அதனை உணவுக்காகத் தென்னமெரிக்காவினின்றும் தைவான் தீவிற்குக் கொண்டுசென்றனர். வளர்த்து விற்றுப் பொருளீட்டலாம் என்று கருதினர். மக்கள் அதன் சுவையை விரும்பவில்லை. விலை போகாத நத்தைகளை வாய்க்கால்களில் விட்டனர், தப்பியோடினவும் பல. பிலிப்பைன்ஸ், ஜப்பான் முதலிய நாடுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. விடப்பட்ட நத்தைகள் நெல்வயல்களிற் புகுந்தன. நட்டுச் சில வாரங்களே ஆன இளநாற்றின் தண்டை நீர்மட்டத்திற்குக் கீழே அறுத்துத் தின்பது அவற்றின் வழக்கம். முதல்நாள் பசுமையாயிருந்த வயலில் மறுநாள் வெறும் நீரே நிற்கும். நீரை வடித்தால் நத்தை மண்ணுட் புதைந்து, மூடியை அடைத்துக்கொண்டு திங்கள் பல கிடக்கும். நீர் பாய்ந்தவுடன் எழும். உழவர் கையாற் பொறுக்கியும், முட்டைகளை நசுக்கியும், வாத்துக்களை மேயவிட்டும், முதிர்ந்த நாற்றை நட்டும் இன்றளவும் அதனோடு போராடுகின்றனர். உலகிற் பெருங்கேடு விளைக்கும் அயலுயிர்கள் நூறு என்று அறிஞர் தொகுத்த பட்டியலில் இந்நத்தையும் ஒன்று.

2009ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களிலும் பொமாசியா காணப்பட்டது. அதன்பின் 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வினம் முழுவதையும் கொண்டுவருதலையும் பரப்புதலையும் தடை செய்தது. நல்வகை, தீவகை என்ற பிரிவை அச்சட்டம் பாராட்டவில்லை.

இன்னும் பழையதொரு சான்றும் உண்டு. 1847ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கில நத்தையியல் அறிஞரால் மொரீசியசுத் தீவினின்றும் ஆப்பிரிக்கப் பெருநத்தை கல்கத்தாவிற்கு வந்தது. அங்கு ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையையும் எட்டியது. இன்று நம் நாட்டின் பல பகுதிகளில் மழைக்காலந்தோறும் வாழையையும் காய்கறிப் பயிர்களையும் அழித்துத் திரிவது அதன் வழித்தோன்றலே. விட்டவர் தீயவரல்லர், அறிவிலியுமல்லர், நத்தைகளை அன்போடு ஆராய்ந்தவரே. இதனை எண்ணுந்தோறும் என் கையிலிருந்த வாளி கனத்தது.

"என்னுடையது டிப்யூசா அன்றோ? அது பசும்பயிரை அவ்வளவாகத் தின்னாதே" என்று வினவினேன். "உண்மைதான். ஆயினும் அதுவும் இலங்கை நீர்நிலைகளிற் குடிபுகுந்துவிட்டது. நம் பைலாவின் உணவையும் இடத்தையும் அது பங்கிட்டுக்கொள்ளும். அன்றியும், உன் வாளியிலுள்ள 64உம் அவ்வகையே என்று நீ உறுதி கூறுவாயா?" என்றார் பேராசிரியர். வேறுபாட்டை அறியும் வழியையும் காட்டினார். டிப்யூசாவின் ஓட்டில் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் கூடுமிடம் தோள் போலத் தட்டையாயிருக்கும். கனாலிகுலாட்டாவிற்கு அவ்விடம் வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். அதன் முட்டைக் கொத்தும் கண்ணைப் பறிக்கும் செஞ்சிவப்பு நிறத்தது. என்னுடையவை டிப்யூசாவே என்று தெளிந்தது. எனினும் வாளி விடுதிக்கே திரும்பிற்று.

என் தந்தையார் நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்ச இரவில் விளக்கெடுத்துச் செல்வதைச் சிறுவயது முதல் யான் கண்டவன். அவ்வயலுக்கு நீர் தரும் வாய்க்காலும் இதுபோன்ற ஓர் ஏரியினின்றே வருகின்றது. விடுதலை என்னும் அழகிய பெயரால் யான் செய்யவிருந்தது விடுதலையன்று. என் சுமையை முகமறியா உழவர் ஒருவர் தலையில் ஏற்றுதலே.

6. புகலிடம் தேடுதல்

இனி, நல்வழி யாது? பிறர் தொட்டியே தொட்டி நத்தைக்குத் தகுந்த புகலிடம். அதனைத் தேடுங்கால் யான் முதலிற் செய்த பிழையைக் கூறிவிடுகின்றேன். மீன் வளர்க்கும் நண்பன் ஒருவன் கேட்டவுடன், ஒன்றும் வினவாமல் ஆறு நத்தைகளைக் கொடுத்தேன். சுமை குறைந்ததே என்ற மகிழ்ச்சி எனக்கு. இரண்டு நாளில் ஆறும் இறந்தன. மீன்களுக்குப் புள்ளிநோய் கண்டதென்று அவன் அதற்கு முந்திய வாரமே செம்பு கலந்த மருந்தை இட்டிருந்தான். அவன் அறியான்; யான் அறிவேன். ஆயினும் கேட்டேனல்லேன். ஆகவே பிழை என்னுடையதே.

அதன்பின் எவரேனும் நத்தை கேட்டால், கொடுக்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்பது என் வழக்கமாயிற்று. தொட்டிக்கு மூடி உண்டா? எவ்வளவு நீர் கொள்ளும்? எவ்வெம் மீன்கள் உள? அண்மையில் மருந்து இட்டதுண்டா? முட்டை கண்டால் என் செய்வீர்? இவற்றுள் ஐந்தாம் வினாவிற்கு விடை கூறுவாரே நத்தை வளர்க்கத் தக்கார் என்பது என் துணிபு.

கொடுக்குங்கால் ஒரே பாலினவற்றைக் கொடுத்தல் சாலவும் நன்று. ஆணும் பெண்ணும் பிரித்தறிதல் அரிதன்று. சற்று வளர்ந்த நத்தையை நீரினின்றும் எடுத்துப் பொறுமையோடு பிடித்திருந்தால், பிடிப்பிடம் தேடி உடலை வெளியே நீட்டும். அப்போது ஓட்டு வாயின் உட்புறத்தே, நத்தையின் வலப்பக்கத்தில், ஆணுக்குத் தடித்த உறையொன்று தோன்றும், பெண்ணுக்கு அஃதில்லை. கூடும் பருவத்திற்கு முன்னரே பிரித்து வைத்த பெண்களையோ, ஆண்களை மட்டுமோ கொடுத்தால் பெறுவோர்க்கு என் துன்பம் நேராது.

கொண்டுசெல்லும் முறையும் எளிது. நீர் நிறைந்த பையினும் ஈரத்துணியே மேலானது. நனைத்துப் பிழிந்த துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, துளையிட்ட பெட்டியில் அடுக்கி, வெயில் படாது கொண்டுசென்றால் மூடியை அடைத்துக்கொண்டு ஒரு நாட்பயணத்தைப் பொறுத்துக்கொள்ளும். புதிய தொட்டியில் விடுமுன் அத்தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பழக்குதல் வேண்டும்.

வண்ணமீன் கடைக்காரர்களும் நத்தைகளை ஏற்பதுண்டு. சென்னைக் கொளத்தூர் போன்று வண்ணமீன் வாணிகம் மிக்க இடங்களில் இது எளிதாகும். ஆனால் ஒன்று: கடைக்குச் சென்றவற்றுட் சில வளர்ப்பார் கையையும், சில பேத்தை மீனின் வாயையும் சேரும். அதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. கொடுக்குமுன் கடைக்காரரைக் கேட்டறிந்து, அவரவர் மனச்சான்றுக்கு ஏற்பச் செய்க. நீர்நிலையில் விடுவதினும் இது தீதன்று என்பது மட்டும் உறுதி.

என் 64இன் கணக்கு இது. பிழையால் இறந்தவை 6. நகரத்து வண்ணமீன் கடைக்குச் சென்றவை 20. விலங்கியற் பகுதியின் தொட்டிகளுக்குச் சென்றவை 12. அங்கு அவை பைலாவோடு ஒப்பிட்டுக் காட்டப் பயன்படுகின்றன. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்கு 10. ஆசிரியர் மூடியுள்ள தொட்டி வாங்கியபின்னரே கொடுத்தேன். விடுதி நண்பர்க்கு ஒன்றும் இரண்டுமாக 9. எஞ்சிய 7 என்னிடம் இருந்தன. இத்தனைக்கும் ஏறக்குறைய நான்கு திங்கள் ஆயின. முதற்கொத்தை மூன்றாம் நாள் அகற்றியிருப்பின் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு நத்தையோடும் ஒரு துண்டுக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பதை வழக்கமாகக் கொண்டேன். வேண்டுவோர் எடுத்தாள்க:

(1) தொட்டியை மூடி வைக்க. நீருக்கு மேற் காற்றுவெளி விடுக.
(2) ஒரு நத்தைக்கு 10 லிட்டர் நீர்.
(3) கடினநீர் நன்று. ஓடு மெலியின் கடல்நுரை இடுக.
(4) செம்பு கலந்த மருந்து ஆகாது.
(5) வாரம் இருமுறை மூடியின் உட்புறத்தைப் பார்க்க. முட்டை இருப்பின் உறையவைத்து அகற்றுக.
(6) தொட்டபின் கை கழுவுக.
(7) ஏரி, குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் விடற்க. வளர்க்க இயலாதாயின் என்னிடமே திருப்பித் தருக.

ஏழாவதே முதன்மையானது. திருப்பித் தர ஓரிடம் உண்டு என்று அறிந்தவன் ஏரியை நாடான். இதுவரை இருவர் திருப்பித் தந்துள்ளனர். அவற்றிற்கு வேறிடம் கண்டேன்.

7. முடிவுரை

இந்நத்தையின் வாழ்நாள் நம் நாட்டு வெப்பத்தில் ஓராண்டிற்குச் சற்று மேலாகலாம். இரண்டாண்டைக் கடத்தல் அரிது. அச்சிறு வாழ்நாளுக்கு வேண்டுவன தூயநீரும், சிறிது கீரையும், மூடியொன்றுமே. இவற்றைக் கொடுப்பது எளிது. அதன் மக்கட்கு இடம் காண்பதே அரிது. ஈரறிவுயிராக நம் இலக்கணம் வகுத்த ஒன்றை வளர்க்கப் புகுந்த ஆறறிவுடையான் தன் அறிவைச் செலுத்த வேண்டிய இடம் அதுவே. நத்தை முட்டையிடும், எண்ணாது. எண்ண வேண்டியவர் நாம்.

சென்ற திங்களில், தொட்டியை எனக்குத் தந்த அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. வேலையேற்று ஒரு வீட்டில் அமர்ந்துவிட்டாராம். பழைய நத்தைகளின் வழியில் ஏதேனும் இருப்பின் இரண்டு வேண்டுமாம். வினாக்கள் ஐந்தையும் எழுதியனுப்பினேன். நான்கிற்கு விடை வந்தது. ஐந்தாவதற்கு, "முட்டையிடுமா?" என்று எதிர்வினா எழுதியிருந்தார். அவரும் அறிந்திலர் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. விவரமாக மறுமொழி எழுதியிருக்கின்றேன். அதற்கு விடை வந்தபின், பெண்கள் இரண்டை ஈரத்துணியிற் சுற்றித் துண்டுக் கடிதத்தோடு எடுத்துச் செல்வேன்.